ரீப்ஸ் கம்பெனி சொன்னா சரியா இருக்கும்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளம்புகிற காலை ரயில் சாம்பியன் ரீப்ஸுக்கு வருவதற்குள் பாதி நிறைந்துவிடும். பங்காருபேட்டை தாண்டினால் கால் வைக்க இடமிருக்காது. அதனால் மாரிகுப்பத்திலேயே ஏறுகிற பார்வதம்மா, தான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். சாம்பியன் ரீப்ஸில் டீனா ஏறியதும் பை மடிக்குப் போகும். நடுவில் யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பார்வதம்மா பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்பவள். டீனா அதே பெங்களூரில் புருஷன் மோசஸோடு சேர்ந்து லிப்ட் பழுது பார்க்கிற கம்பெனி நடத்துபவள். மோசஸ் ஸ்பேனர் பிடிப்பான். டீனா போன் பிடிப்பாள்.

அன்று எதிர் பெஞ்சில் இருந்த, தினமும் கூட வருகிற வாசு, போனை வாயருகே வைத்துக்கொண்டு, பெங்களூரில் நல்ல லிப்ட் சர்வீஸ் கம்பெனி எது என்று கேட்டான். போனில் இருந்த ஏஐ கணீரென்று கன்னடத்தில் பதில் சொன்னது. முதல் பெயரே டீனாவின் ரீப்ஸ் லிப்ட் சர்வீஸ். இந்திராநகரில் இருக்கிறது, நாற்பத்தைந்து வருஷ அனுபவம், வாடிக்கையாளர்கள் வாயாரப் புகழ்கிறார்கள் என்று அடுக்கியது.

"இன்னாக்கா, மெஷினே உங்க பேரத்தான் சொல்லுது" என்றான் வாசு. "ஆனா நாப்பத்தஞ்சு வருஷம்னுதே, மோசஸ் அண்ணன் பொறக்கும்போதே ஸ்பேனரோட பொறந்தாரா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. பார்வதம்மா அவன் தோளைத் தட்டி அடக்கினாள். "அத வுடுப்பா. டீனா, எப்ப இந்திராநகருக்குக் குடி போனீங்க? சொல்லியிருந்தா பால் காய்ச்சறதுக்காவது வந்திருப்பேன்ல."

டீனாவும் சிரித்தாள். அதெல்லாம் பிசினஸ் அக்கா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு வெயிலில் வெளுத்துப்போய் நின்றது. கையில் இருந்த போன் அடித்தது. புது வாடிக்கையாளர். மனசில் சுருக்கென்று குத்தினது அதோடு மறந்துபோயிற்று.

அந்த இந்திராநகர் வந்த கதை இதுதான். பெங்களூருக்கு வேலை தேடிப் போகிற தங்கவயல் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்த விலாசத்தை எழுதமாட்டார்கள். சித்தப்பா வீடு, கூடப் படித்தவனின் அறை, எதுவும் இல்லாவிட்டால் சர்ச் நண்பரின் விலாசம். ஊர்ப் பெயராகக் கேஜிஎப் என்று எழுதினால் எதிரே இருக்கிறவர் பேனாவை வைத்துவிட்டு, ரவுடி ஊராச்சே என்று சிரித்தபடி கேட்பார். சிரித்தபடி கேட்டாலும் வேலை கிடைக்காது. மோசஸ் அப்படி எழுதித்தான் ஒரு லிப்ட் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தான். பி.காம். முடித்த டீனாவும் அப்படி எழுதித்தான் கணக்கு எழுதப் போனாள். பிறகு இருவரும் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கினபோது, பிறந்த இடத்தின் பெயரில் பாதியை மட்டும் வைத்தார்கள். வெறும் ரீப்ஸ் என்றால் யாருக்கும் ஊர் தெரியாது.

ஆகையால் கிரண் வந்து, பெங்களூரில் வசதியானவர்கள் இருக்கிற இந்திராநகர் விலாசம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தருகிறேன் என்றபோது டீனாவுக்கு அது பொய்யாகவே படவில்லை. கிரண் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வளர்ந்தவன், பெங்களூரில் விளம்பரக் கம்பெனி வைத்திருப்பவன்.

"இப்பல்லாம் ஜனங்க தேடறதில்ல மேடம், கேக்கறாங்க" என்று விளக்கினான். "ஏஐ கிட்ட கேக்கறாங்க. அது யாரப் பெரிய ஆளுன்னு நம்புதோ அவங்க பேரத்தான் சொல்லும். அத நம்ப வெக்கறதுதான் நம்ம வேல."

நம்ப வைத்தான். மோசஸின் அனுபவத்தை இழுத்து நீட்டினான். தங்கவயலில் கால் வைத்திராத, மோசஸைக் கண்ணால் பார்த்திராத ஆட்களிடம் பாராட்டு எழுதி வாங்கினான். ஜெய்ப்பூரில் இருக்கிற ஒருவர், ரீப்ஸ்காரர்கள் வந்த வேகத்தைக் கண்டு வியந்ததாக எழுதியிருந்தார். லிப்ட் பற்றி ஜனங்கள் என்னென்ன கேட்பார்களோ, அத்தனைக்கும் ரீப்ஸ் பெயரில் ஆங்கிலக் கட்டுரை போட்டான். எழுதியது ஒரு மெஷின். கட்டுரைகள் கட்டுக்கட்டாக டீனாவின் போனுக்கு வரும், பார்த்துச் சம்மதம் சொல்லச் சொல்லி. அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் கூட்டமான சாயங்கால ரயிலில் தொங்கிக்கொண்டு, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "ஓகே" என்று தட்டிவிடுவாள். மோசஸுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. திடீரென்று வேலை குவிகிறதே என்று சந்தோஷப்பட்டான், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ரயிலில் பார்வதம்மாவைக் காணோம். அவள் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார். வாசுதான் சொன்னான், முந்தின நாள் மத்தியானம் அந்தம்மா லிப்டில் மாட்டிக் கால் முறிந்துவிட்டது, பெங்களூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று. டீனா ரயிலை விட்டு இறங்கி நேரே அங்கே போனாள்.

நடந்தது இது. அந்தக் குடியிருப்பின் லிப்ட் பல மாதமாகவே நின்று நின்று ஓடியது. வேறொரு கம்பெனியின் பராமரிப்பு அது. செலவைத் தள்ளிப்போட்டு வந்தது குடியிருப்போர் சங்கம். பார்வதம்மா ஏறினபோது இரண்டாவது மாடியைத் தாண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள் வேலை செய்கிற வீட்டுப் பெண் நேத்ரா இரண்டாவது மாடியில் நின்று பதறி, போனில் ஏஐயைக் கேட்டாள். வந்த பதிலை உரக்கப் படித்தாள். வாட்ச்மேன் ரோஹித் வெளிக்கதவை இழுக்க, பார்வதம்மா உள்கதவைத் தள்ள, வழி பிறந்தது. லிப்டின் தரை ரோஹித்தின் மார்பு உயரத்தில் இருந்தது. பார்வதம்மா விளிம்பில் உட்கார்ந்து குதித்தாள். லிப்டுக்குக் கீழே தரைத்தளம் வரைக்கும் வெறும் இருட்டுக் குழி. கால் வாசற்படி இரும்பில் மோதி முறிந்தது. உடம்பு பின்னால் குழிப் பக்கம் சாய்ந்தது. ரோஹித் புடவையையும் கொண்டையையும் சேர்த்துப் பிடித்து இழுத்திராவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வேலை இருந்திருக்காது.

கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் கட்டி, வார்டின் கோடியில் கிடந்தாள் பார்வதம்மா. டீனாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் எங்களோட பழகியும் நடுவில் நின்ற லிப்டிலிருந்து யாராவது குதிப்பார்களா என்று அதட்டினாள்.

பார்வதம்மா புரியாமல் பார்த்தாள். "நீங்கதானே எறங்கச் சொன்னீங்க."

"நானா?"

"நேத்ராம்மா போன்ல பாத்துப் படிச்சாங்க. ரீப்ஸ் லிப்ட் சர்வீஸ் சொல்லுது, கதவத் தள்ளிட்டு நிதானமா எறங்கலாம்னு. வேற எவன் சொல்லியிருந்தாலும் உள்ளயே உக்காந்திருப்பேன், டீனா. ரீப்ஸ்னா நம்ம மோசஸ் கம்பெனியாச்சே. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு குதிச்சேன்."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் டீனாவை அடித்துப் போட்டது.

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தன் கம்பெனி பெயரில் வந்த கட்டுரைகளை முதல் தடவையாகப் படித்தாள். பாதி சும்மா பேச்சு. சிலது ஒன்றுக்கொன்று முரண். அந்தக் கட்டுரையும் கிடைத்தது. லிப்ட் நடுவில் நின்றால் செய்யவேண்டியவை என்று தலைப்பு. கதவை மெல்லத் தள்ளித் திறந்து வெளியேறவும் என்று எழுதி, கீழே, நாற்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள ரீப்ஸ் நிபுணர்கள் என்று கையெழுத்துப்போல் போட்டிருந்தது. தன் போனைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கட்டுரைக்கும் அவள் "ஓகே" இருந்தது.

சாயங்காலம் மோசஸிடம் மறைக்காமல் சொன்னாள். அவன் அப்பா சுரங்கத்தில் கேஜ் இறக்குகிற இஞ்சின் ஓட்டியவர். ஆட்களை ஏற்றிய அந்த இரும்புக் கூண்டு சுரங்கக் குழியில் எங்கே நின்றாலும், மேலேயிருந்து மணி வராமல் யாரும் கேட்டில் கை வைக்கக் கூடாது. அந்த முறையை மோசஸ் லிப்ட் வேலைக்கும் கொண்டுவந்திருந்தான். மாட்டியவரிடம் கதவு வழியாகப் பேசி, இருந்த இடத்தில் உட்கார வைத்து, லிப்டைத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகுதான் கதவைத் திறப்பான்.

"மணி கேக்காம கேட்டத் தொட்டவனுக்கு எங்கப்பா காலத்துல மறுநா ஷிப்ட் கெடையாது" என்றான் மோசஸ். "நீ எம்பேரப் போட்டு குதிக்கச் சொல்லிக்கீற."

அதற்கு மேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கிரணுக்குப் போன் போட்டாள். அவனும் நடுங்கித்தான் போனான், கெட்டவன் இல்லை. ஆனால் அடுத்த நிமிஷமே வழி சொன்னான். கட்டுரையை இப்போதே எடுத்துவிடலாம். அந்தக் குடியிருப்பு நம் வாடிக்கையாளர் இல்லை, யாரும் நம்மைத் தேடி வரப்போவதில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கட்டுரையை எடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டீனா போனை வைத்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை. நான்கு மெக்கானிக்குகளின் குடும்பம் அந்தக் கம்பெனியை நம்பி இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் அறிமுகமான நேத்ராவிடமிருந்து சேதி வந்தது. வேலைக்காரம்மா சொன்ன பேச்சுக் கேட்காமல் தானாகக் குதித்துவிட்டாள், அதனால் சங்கம் வைத்தியச் செலவு தராது, கால் சரியானாலும் அவளை வேலைக்கு உள்ளே விடப்போவதில்லை என்று செயலாளர் ரவிகுமார் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதில் முடிவாகிவிடும்.

டீனா வாய் மூடியிருந்தால் பார்வதம்மா ஒரு முட்டாளாகத்தான் அந்தக் கணக்கில் நிற்பாள். கால் போனது, வேலை போனது, பேரும் போனது என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு டீனாவும் மோசஸும் அழைப்பில்லாமலே போனார்கள். நேத்ரா உள்ளே விட்டாள். குளுகுளு அறை, வரிசையாக நாற்காலிகள். ரவிகுமார் ஆங்கிலத்தில் நயமாகப் பேசிக்கொண்டிருந்தார். படிக்காத ஆட்கள் அவசரப்படுவார்கள், அதற்குச் சங்கம் என்ன செய்யும் என்கிற இடத்தில் டீனா எழுந்தாள். அந்தம்மா தானாகக் குதிக்கவில்லை, எங்கள் கம்பெனி பெயரில் வந்த தப்பான யோசனையைக் கேட்டுக் குதித்தாள் என்று கன்னடத்தில் சொன்னாள். அந்தக் கட்டுரையைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தது நான் என்றாள். நேத்ராவும் எழுந்து, தன் போனில் வந்த பதிலை எல்லோருக்கும் காட்டினாள்.

அறை சலசலத்தது. ரவிகுமாருக்குத் தமிழும் வரும்போல. நேத்ராவின் போனைப் பார்த்துவிட்டு, டீனாவின் உச்சரிப்பைக் கவனித்துத் தமிழுக்கே மாறினார்.

"உங்க ஆபீஸ் இந்திராநகர்தானே?"

"இல்ல சார். அது பொய் விலாசம். நாங்க சாம்பியன் ரீப்ஸ். கேஜிஎப்."

"ஓ, கேஜிஎப்" என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தபடி.

அந்தச் சிரிப்பு டீனாவுக்குப் பழக்கமானது. வேலை கேட்டுப் போன ஒவ்வொரு மேசைக்கு எதிரிலும் அதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் அதற்குப் பயந்துதான் ஊரை ஒளித்து வைத்தாள். இன்றைக்கு அவளுக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

"ஆமா சார், கேஜிஎப்தான். நாங்க பண்ண தப்புக்கு நாங்க வந்து நிக்கறோம். எங்க பங்கு வைத்தியச் செலவ நாங்க தரோம். ரிப்பேர் பண்ணாத லிப்ட்ட ஓட்டினது யாரு? அவங்க இன்னும் சேர்லயே உக்காந்துகீறாங்க."

வழக்குப் போட்டால் உங்கள் கம்பெனி தாங்காது என்று ரவிகுமார் எச்சரித்தார். தாராளமாகப் போடுங்கள், ஜட்ஜ் முன்னாலும் இதையேதான் சொல்வோம், உங்கள் லிப்டின் சர்வீஸ் விவரத்தையும் அங்கே கேட்பார்கள் என்றான் மோசஸ். அவன் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். வழக்கு என்றதும் நாற்காலிகளில் முணுமுணுப்புக் கிளம்பியது. மனசு இளகித்தான் என்று சொல்ல முடியாது, பயந்தார்கள். ஆனாலும் கூட்டம் முடியும்போது சுற்றறிக்கை வாபஸாயிற்று. சங்கம் தன் பங்கை ஏற்றுக்கொண்டது. பார்வதம்மாவின் வேலை அவளுக்கே என்று முடிவானது.

மறுநாளே டீனா தன் கம்பெனியின் இணையதளத்தில், முதல் பக்கத்திலேயே, நடந்ததைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போட்டாள். நாங்கள் சொன்னது தப்பு, அதை நம்பி ஒருவர் கால் முறிந்தது, நடுவில் நின்ற லிப்டின் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி, கீழே தன் பெயரையும் மோசஸ் பெயரையும் போட்டாள். காசு கொடுத்து வாங்கின பாராட்டுகளை எடுக்கச் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷம் பதினாறாகச் சுருங்கியது. விலாசம் சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்பியது.

கிரண் தலையில் அடித்துக்கொண்டான். ஊரில் எவனும் இப்படித் தன் வாயாலேயே தன் பேரைக் கெடுத்துக்கொள்ளமாட்டான், மெஷின் இதையும் படிக்கும், படித்தால் மறக்காது என்றான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சில வாரத்தில் ரீப்ஸ் பெயர் தேடலில் காணாமல் போனது. ஏஐ வேறு கம்பெனிகளைச் சொல்லத் தொடங்கியது. மூன்று குடியிருப்புகள் ஒப்பந்தத்தை முறித்தன. ஒருவர், ஊர் பெயரைப் பார்த்துவிட்டே முறித்தார். மோசஸ் ஒரு மெக்கானிக்கை வேறு கம்பெனிக்கு அனுப்பவேண்டி வந்தது. அந்த மாதங்கள் கஷ்டமானவை. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

ஆனால் கட்டுரை எழுதுவதை டீனா நிறுத்தவில்லை. இப்போது எழுதியவள் அவளே. மோசஸ் வேலை முடித்து வந்ததும் எதிரே உட்கார்ந்து கேட்பாள். எந்த லிப்ட், என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தான், எங்கே தடுமாறினான். லிப்டுக்குச் சொந்தக்காரரின் சம்மதத்தோடு படத்தையும் சேர்த்துப் போடுவாள். சரிசெய்ய முடியாமல் திரும்பி வந்த வேலைகளையும் எழுதினாள். மோசஸ் படித்துப் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு வரிகூட வெளியே போகாது. வாடிக்கையாளர்களிடம், தோன்றியதை உங்கள் பாஷையிலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். மோசஸ் தாமதமாக வருகிறான், வந்தால் போகமாட்டேன் என்கிறான் என்று ஒருவர் எழுதியதும் அப்படியே இருந்தது. இந்திராநகர் என்று இன்னும் எங்கெல்லாம் தொங்கிக்கொண்டிருந்ததோ, அங்கெல்லாம் திருத்தச் சொல்லி எழுதி எழுதிச் சலிக்காமல் மாற்றினாள்.

நிதானமாகத்தான் திரும்பியது. முதலில் இரண்டொரு கட்டடப் பொறியாளர்கள் அவள் எழுதியதைத் தங்கள் பக்கங்களில் எடுத்துக் காட்டினார்கள். பிறகு ஒரு நர்சிங் ஹோமின் மேலாளர் போன் செய்து, செஞ்ச தப்பை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிற கம்பெனி நீங்கள்தானே, எங்கள் லிப்டை வந்து பாருங்கள் என்றார். பழைய கூட்டம் இன்றும் இல்லை. வருகிறவர்கள் விட்டுப் போவதில்லை. பார்வதம்மா கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினாள். லிப்டில் மட்டும் ஏறமாட்டாள்.

கிரண் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் ரீப்ஸுக்கே தேடிக்கொண்டு வந்தான். டீ குடித்துவிட்டுத் தன் போனை எடுத்து, லிப்ட் நடுவில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டுக் காட்டினான். கதவைத் திறக்காதீர்கள், தரையில் உட்காருங்கள், ஆள் வரும்வரை காத்திருங்கள் என்றது ஏஐ. இதைச் சொல்வது தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் உள்ள ரீப்ஸ் லிப்ட் சர்வீஸ், முன்பு தாங்கள் வெளியிட்ட தவறான யோசனையால் ஒருவர் காயமடைந்ததை ஒப்புக்கொண்டு திருத்தியவர்கள் என்றும் சேர்த்துச் சொன்னது.

"பாருங்க மேடம், பேரு வந்திச்சு. ஆனா அந்தக் கறையும் கூடவே வருது" என்றான் கிரண். "நூறு நல்ல கட்டுரை போட்டா அத அமுக்கிடலாம். இந்தவாட்டி பாத்துப் பண்றேன்."

டீனா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அமுக்க வேணாம் கிரண், கூடவே வரட்டும். தப்ப ஒத்துக்கிட்டவன் சொல்றானேன்னுதான் மத்தத நம்பறாங்க. உங்கிட்ட வர்றவங்களுக்கும் இதையே சொல்லு. செஞ்சத எழுதுங்க, தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க, பொறந்த ஊர மறைக்காதீங்க, தப்பு பண்ணா கீழ உங்க பேரப் போட்டு ஒத்துக்குங்க. மெஷின் இன்னிக்கு நம்பலன்னா நாளைக்கு நம்பும். நம்பாமலே போனாலும் போவட்டும். எம்பேரச் சொல்லி இன்னொருத்தி கால் ஒடையாது, எனக்கு அது போதும்."